செம்பு வினையூக்கிக்குத் துளையுள்ள சிலிக்கா உறை போட்டேன், மெத்தனால் பாதியாகிவிட்டது: எங்கே தவறு?

வத்தல்மலை | ஜூன் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வு செய்கிறேன். கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனாலாக மாற்றும் வினையூக்கிதான் என் தலைப்பு. இரண்டு வருட உழைப்பு இப்போது ஒரு முட்டுச்சந்தில் நிற்கிறது. உங்களில் ஆலையில் இருப்பவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

செய்தது இதுதான். செம்பு, துத்தநாகம், அலுமினியம் மூன்றின் நைட்ரேட்டுகளையும் 60:30:10 என்ற கணக்கில் கலந்து, சோடியம் கார்பனேட் விட்டு வீழ்படிவாக்கினேன். பிஎச் 7, வெப்பம் 65 டிகிரி. நீல நிறம் பச்சைக்கு மாறும்வரை ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, 350 டிகிரியில் சுட்டேன். இதுவரை எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

அப்புறம் அந்தத் தூளின் மேல் சிலிக்கா உறை. எத்தனால், தண்ணீர், அமோனியா, சிடிஏபி (துளைகளுக்கு அச்சாக நிற்கும் சோப்பு போன்ற பொருள்), டிஇஓஎஸ் (சிலிக்கா தரும் திரவம்) சேர்த்து ஆறு மணி நேரம் கலக்கினேன். பிறகு சிடிஏபியை எரித்து நீக்க 550 டிகிரியில் ஆறு மணி நேரம் உலை. உறையில் சுமார் 3 நானோமீட்டர் துளைகள் இருப்பது பிஇடி என்ற வாயு உறிஞ்சும் சோதனையில் தெரிகிறது.

எங்களிடம் உயர் அழுத்த உலை இல்லாததால் பெங்களூரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். 50 பார் அழுத்தம், 250 டிகிரி. உறை இல்லாதது ஒரு கிராமுக்கு மணிக்கு 0.32 கிராம் மெத்தனால் தந்தது. உறை போட்டது 0.14. வழிகாட்டியிடம் காட்டினேன். "உறை வாயுவை உள்ளே விடவில்லை, துளையைப் பெரிதாக்கு" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. என்ன செய்யலாம்?

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 8, இரவு 10.25

அம்மா, நான் பணி ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். வினையூக்கியில் ஆய்வு செய்தவன் இல்லை. ஆனால் துளை உள்ள பொருளோடு பல வருடம் பழகியிருக்கிறேன். நம் மாவட்டத்தில் கிணற்று நீரில் ஃபுளூரைடு எவ்வளவு படுத்தியது என்பது உனக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்து பல் மஞ்சளாகக் கறைபிடித்த பிள்ளைகளுக்குத்தான் வருடா வருடம் பாடம் எடுத்தேன். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் எங்கள் பள்ளியில் கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த அலுமினா மணிகள் ஒவ்வொன்றும் உள்ளே முழுக்கத் துளை. ஒரு கிராமில் இருநூறு சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும். ஆனால் குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் மணியின் மேல்தோலைத் தொட்டுவிட்டு ஓடிவிடும், உள்பரப்பு சும்மா கிடக்கும். மெதுவாக விட்டால் நன்றாக இழுக்கும். அதனால் உன் வழிகாட்டி சொல்வது எனக்குச் சரி என்றுதான் படுகிறது. உள்ளே போய்வர நேரம் வேண்டும். வாயுவை மெதுவாக விட்டுப் பார்த்தாயா?

---

தென்பெண்ணை | ஜூன் 9, காலை 7.15

வணக்கம் வத்தல்மலை, வாத்தியார் ஐயா. எனக்கு ஊத்தங்கரை. இப்போது பெங்களூரில் வினையூக்கித் துறையில் இருக்கிறேன். ஐயா சொன்ன வடிகட்டி அனுபவம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காரணம் அளவு.

ஒரு மூலக்கூறு துளைக்குள் ஊர்ந்து செல்ல எடுக்கும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. அலுமினா மணியில் மேல்தோலிலிருந்து நடுவுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வையுங்கள். தண்ணீரில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஆயிரம் விநாடி ஆகும், அதாவது பதினாறு பதினேழு நிமிடம். அதனால்தான் குழாயை மெதுவாக விட வேண்டியிருந்தது. வத்தல்மலை போட்ட உறையின் தடிமன் 20 நானோமீட்டர் என்று வைப்போம். ஒரு மில்லிமீட்டரைவிட ஐம்பதாயிரம் மடங்கு குறைவு. வர்க்கம் எடுத்தால் 250 கோடி மடங்கு. வாயுவில் இன்னும் விரைவாகவே நகரும், ஆனாலும் தண்ணீரில் நகரும் அதே வேகம் என்றே வைத்தாலும், ஒரு விநாடியின் 25 லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 250 டிகிரியில் மேற்பரப்பில் உள்ள ஒரு செம்பு அணு ஒரு மெத்தனால் மூலக்கூறைச் செய்து முடிக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சமையல் நிமிடக்கணக்கில் நடக்கும் வீட்டில், வாசலைக் கடக்கக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அப்படியானால் வாசல் குறுகல் என்பது காரணமாக இருக்க முடியாது. துளையைப் பெரிதாக்கியும் மாற்றம் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஒரு கிராமுக்கு 0.14 என்றால் எதன் கிராம்? இரண்டு, உறை போட்ட பிறகு வடிகட்டிய நீர் என்ன நிறத்தில் இருந்தது?

---

ஓசூர் ஆலைக்காரன் | ஜூன் 9, காலை 8.50

நான் ஓசூரில் வேதிப்பொருள் ஆலையில் செயல்முறைப் பொறியாளர். மெத்தனால் ஆலையிலும் முன்பு சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, ஒரு அடிப்படைக் கேள்வி. உறை எதற்கு? இந்தச் செம்பு, துத்தநாக, அலுமினா வினையூக்கி 1966 முதல் ஆலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் 1923-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தொடங்கிய முறையில் துத்தநாக, குரோமியம் ஆக்சைடு வைத்து 300 டிகிரிக்கு மேல், 250 பாருக்கு மேல் ஓட்டினார்கள். ஐசிஐ நிறுவனம் செம்பைக் கொண்டுவந்த பிறகு 50 முதல் 100 பார் போதும் என்றானது. ஆலையில் நாங்கள் இதை ஐந்தாறு மில்லிமீட்டர் மாத்திரையாக அழுத்தி நிரப்புவோம். மூன்று நான்கு வருடம் உழைக்கும். மேலே சிலிக்கா போட்ட தூளை மாத்திரையாக அழுத்தினால் உறை நொறுங்கும். அப்போது இத்தனை பாடும் வீண்தானே?

---

வத்தல்மலை | ஜூன் 9, இரவு 8.05

மூவருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் இந்தத் தலைப்பை எடுத்ததே அதற்காகத்தான்.

பழைய ஆலைகளில் உள்ளே போவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. அது மெத்தனாலாகும்போது தண்ணீர் உண்டாவதில்லை. கொஞ்சம் உண்டாகும் தண்ணீரையும் கார்பன் மோனாக்சைடே தின்றுவிடும். நான் உள்ளே விடுவது சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்தால் ஒரு மெத்தனாலோடு ஒரு தண்ணீரும் கட்டாயம் வரும். ஒரு டன் மெத்தனாலுக்கு 560 கிலோ தண்ணீர். பக்கத்திலேயே இன்னொரு வினையும் நடந்து கார்பன் மோனாக்சைடும் தண்ணீரும் தரும். சூட்டோடு தண்ணீரும் சேர்ந்தால் செம்புத் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடுகின்றன. துத்தநாக ஆக்சைடும் திரள்கிறது. மூன்று நான்கு வருடம் உழைத்தது இங்கே அவ்வளவு நாள் தாங்காது. துகள்களுக்கு நடுவே சுவர் எழுப்பினால் ஒட்டாது என்பதுதான் உறையின் நோக்கம். மாத்திரையாக்கும் சிக்கல் உண்மைதான், அதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

தென்பெண்ணை அக்கா, கிராம் என்று நான் சொன்னது மொத்த வினையூக்கியின் கிராம், சிலிக்காவையும் சேர்த்து. வடிகட்டிய நீர் வெளிர் நீலமாக இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

---

தென்பெண்ணை | ஜூன் 9, இரவு 9.30

அந்த நீலத்தில்தான் பாதி விடை இருக்கிறது. செம்பு அயனியோடு அமோனியா சேர்ந்தால் கருநீலம் வரும். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் எல்லோரும் பார்த்திருப்போம். வாத்தியார் ஐயா நூறு முறையாவது செய்து காட்டியிருப்பார். உறை போடப் பயன்படுத்திய அமோனியா, உறைக்குள் இருக்க வேண்டிய செம்பையே கரைத்து வெளியே கொண்டுபோயிருக்கிறது. துத்தநாக ஆக்சைடும் அமோனியாவில் கரையும், அதற்கு நிறம் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. கரைந்த செம்பில் ஒரு பகுதி சிலிக்காவோடு சேர்ந்து செம்பு சிலிகேட்டாகத் திரும்பப் படிந்திருக்கவும் கூடும். அதை ஒடுக்குவது, அதாவது ஆக்சிஜனை நீக்கிச் செம்பாக்குவது, சாதாரண செம்பு ஆக்சைடை ஒடுக்குவது போல இருக்காது.

அடுத்தது கிராம் கணக்கு. 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு செம்பு உருண்டைக்கு மேல் 20 நானோமீட்டர் தடிமனில் உறை போட்டால், ஆரம் 10-இலிருந்து 30 ஆகும். கன அளவு 27 மடங்கு. பார்வைக்கு மெல்லிய தோல், கணக்கில் உருண்டையைப் போல 26 மடங்கு உறை. உறை பாதி துளையாகவே இருந்தாலும், அந்தப் பொடியில் எடைப்படி கால் பங்குதான் செம்பு. 5 நானோமீட்டர் உறை என்றால் முக்கால் பங்குக்கு மேல் செம்பு. உறையின் தடிமனை அளந்துதான் பேச வேண்டும். உங்கள் உறையிட்ட மாதிரியில் செம்பு எத்தனை சதவீதம் என்று பார்த்தீர்களா? கையில் உள்ள எல்லா எண்ணையும் போடுங்கள். 60 மணி நேரம் ஓட்டிய அளவீடு இருந்தால் அதையும்.

---

வத்தல்மலை | ஜூன் 10, காலை 6.20

இரவு தூக்கம் வரவில்லை, குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உறை போடுவதற்கு முன் 1 கிராம் எடுத்தேன், அதில் 0.50 கிராம் செம்பு. உறை போட்டுச் சுட்ட பிறகு 1.9 கிராம். ஒன்றும் கரையாமல் இருந்தால் 26 சதவீதம் செம்பு இருக்க வேண்டும். அளந்ததில் 24. பெருக்கிப் பார்த்தால் 0.456 கிராம்தான் மிச்சம். ஒன்பது சதவீதச் செம்பு அந்த நீலத் தண்ணீரோடு போயிருக்கிறது.

செம்பின் கிராமுக்குக் கணக்கிட்டால்: உறை இல்லாதது 0.64, உறை போட்டது 0.58. பாதி இல்லை! 60 மணி நேரத்துக்குப் பிறகு உறை இல்லாதது ஒரு கிராம் வினையூக்கிக்கு 0.24 ஆக இறங்கியது, உறை போட்டது 0.13. செம்பின் கிராமுக்கு 0.48, 0.54. உறை போட்டதுதான் மேலே இருக்கிறது. ஆறு மாதமாகத் தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 10, காலை 7.00

அம்மா, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. தென்பெண்ணையம்மா சொன்ன தூரக் கணக்கை நான் திருத்திக்கொண்டேன். மணியும் தூளும் ஒன்றில்லை.

---

ஓசூர் ஆலைக்காரன் | ஜூன் 10, காலை 9.10

மகிழ்ச்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அது தங்கச்சிக்குச் செய்யும் உதவி ஆகாது. உறை போட்டதை 550 டிகிரியில் ஆறு மணி நேரம் சுட்டிருக்கிறீர்கள். உறை இல்லாததை 350-இல்தான் சுட்டீர்கள். 550-இல் செம்பு ஆக்சைடு ஏற்கெனவே பெருத்திருக்கும். பெருத்து முடிந்தது மேற்கொண்டு பெருக்காது. அதனால் 60 மணி நேரத்தில் இறங்காமல் நின்றிருக்கலாம். உறை காப்பாற்றியதா, உலையிலேயே முதுமை அடைந்துவிட்டதா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. உறை இல்லாத தூளையும் 550-இல் சுட்டு, அதே போல ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. உங்கள் தூள் வீழ்படிவாக வந்தது. அதில் செம்பும் துத்தநாகமும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். உங்கள் சிலிக்கா கொத்தின் வெளியே போர்த்தியிருக்கிறது, ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக அல்ல. நெல்லுக்கு உமி இருப்பது போல ஒவ்வொரு மணிக்கும் உறை இருந்தால்தான் துகள் துகளோடு ஒட்டாது. மூட்டைக்கு மேல் தார்ப்பாய் போட்டால் மூட்டைக்குள் இருக்கும் நெல் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

---

தென்பெண்ணை | ஜூன் 10, பகல் 1.40

ஓசூர் அண்ணா சொன்ன 550 டிகிரி ஒப்பீடு கட்டாயம் செய்ய வேண்டியது. நான் கவனிக்காமல் விட்டேன், நன்றி.

ஆனால் உமி, தார்ப்பாய் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. ஒவ்வொரு செம்புத் துகளுக்கும் தனி உமி போட்டால், செம்பும் துத்தநாக ஆக்சைடும் பிரிந்துவிடும். இந்த வினை செம்பின் மேல் மட்டும் நடப்பதில்லை. செம்பும் துத்தநாக ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில்தான் வேலை அதிகம். வெறும் செம்பைச் சிலிக்காவில் வைத்தால் மெத்தனால் மிகக் குறைவாகவே வரும். அதனால் செம்பும் துத்தநாகமும் ஜோடியாக ஒரே உமிக்குள் இருக்க வேண்டும், பக்கத்து ஜோடியோடு சேராமல். சிறு கொத்தாக, 20 அல்லது 30 நானோமீட்டர் கொத்தாக உடைத்த பிறகு உறை போடுவது நல்லது. வீழ்படிவை உலர்த்திச் சுட்டுவிட்டுப் போர்த்துவதைவிட, ஈரமாக இருக்கும்போதே நன்றாகச் சிதறடித்துப் போர்த்துங்கள். உலர்ந்தால் கொத்து கல்லாகிவிடும்.

உறை எதனால் ஆகியிருக்க வேண்டும் என்பதும் பெரிய கேள்வி. சிலிக்கா வெறும் சுவர். சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு, சுவராகவும் இருக்கும், தானும் வினையில் பங்கெடுக்கும். சிர்கோனியம் உள்ள உலோக-கரிமச் சட்டகம் (உலோகமும் கரிம மூலக்கூறும் பின்னிய, துளை நிறைந்த படிகம்) ஒன்றுக்குள் செம்பை வைத்து, வழக்கமான வினையூக்கியைவிட எட்டு மடங்கு மெத்தனால் பெற்றதாக 2016-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அந்தச் சட்டகங்களுக்காகத்தான் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025 வேதியியல் நோபல். பெர்க்கிலி வேலையில் யாகியின் குழுவும் இருந்தது.

செம்பே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 2016-இல் சூரிச்சில் பெரெஸ்-ராமிரெஸ் குழு, சிர்கோனியாவின் மேல் இண்டியம் ஆக்சைடு வைத்து 300 டிகிரியில் ஆயிரம் மணி நேரம் ஓட்டிக் காட்டியது. 2017-இல் சீனாவின் தாலியனில் துத்தநாகமும் சிர்கோனியாவும் கலந்த ஆக்சைடு. இண்டியம் விலை உயர்ந்தது, நமக்கு எட்டாது. துத்தநாக, சிர்கோனியாவை நம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூன் 10, மாலை 5.30

தண்ணீர்தானே எதிரி என்கிறீர்கள். தண்ணீரை மட்டும் வெளியே விடும் உறை போட முடியாதா? ஆர்ஓ சவ்வு போல?

---

தென்பெண்ணை | ஜூன் 10, இரவு 9.00

ஐயா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். தண்ணீர் மூலக்கூறு 0.265 நானோமீட்டர், கார்பன் டை ஆக்சைடு 0.33, மெத்தனால் அதைவிடப் பெரிது. ஜியோலைட் என்ற துளையுள்ள படிகம் ஒன்றில் வாசல்கள் 0.4 நானோமீட்டர் அளவில் இருக்கும், அங்கே சோடியம் அயனிகள் காவல் நின்று வாசலை இன்னும் குறுக்கும். அந்த ஜியோலைட்டை விரிசல் இல்லாத சவ்வாக வளர்த்து, தண்ணீரை மட்டும் உருவி எடுத்து மெத்தனாலை உயர்த்தியதாக 2020-இல் அமெரிக்காவில் ஒரு குழு காட்டியது.

இதில் இரட்டை ஆதாயம். வத்தல்மலை ஓட்டும் 250 டிகிரி, 50 பாரில் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே மாறச் சமநிலை இடம் கொடுக்கும். எவ்வளவு நல்ல வினையூக்கி போட்டாலும் அந்த எல்லையைத் தாண்டாது, வினையூக்கி எல்லையை வேகமாக அடைய உதவும், அவ்வளவுதான். உண்டான தண்ணீரை அங்கிருந்தே அகற்றினால் சமநிலை முன்னோக்கி நகரும், செம்பும் பிழைக்கும். ஆனால் உறை மைக்ரோமீட்டர் கணக்கில் தடிமனானால் என் தூரக் கணக்கு திரும்ப வந்துவிடும். ஜியோலைட்டின் இறுக்கமான வாசலில் நகர்வு ஆயிரம் மடங்கு மெதுவாகவும் இருக்கலாம். அங்கே வத்தல்மலையின் வழிகாட்டி சொன்னது பொருந்தும்.

---

காவேரிப்பட்டணம் | ஜூன் 11, காலை 10.15

எல்லாவற்றையும் படித்தேன், பாதி புரிந்தது. நான் மாங்கூழ் ஆலையில் கொதிகலன் பார்க்கிறேன். இப்போது சீசன் உச்சத்தில் இருக்கிறது, பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. எங்கள் புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவை இப்படி மெத்தனாலாக்க முடியுமா?

---

ஓசூர் ஆலைக்காரன் | ஜூன் 11, பகல் 12.30

அண்ணா, கொதிகலன் புகையில் கரியமில வாயு பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன், தூசு, எரிபொருளைப் பொறுத்துக் கந்தகம். இந்தச் செம்புக்குக் கந்தகம் நஞ்சு. பத்து லட்சத்தில் ஒரு பங்கில்கூடப் பத்தில் ஒரு பங்குதான் ஆலையில் அனுமதிப்போம். புகையைக் கழுவி, அமீன் கரைசலில் கரியமில வாயுவைப் பிடித்து, திரும்பச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். உங்கள் ஆலை மூன்று மாதம் ஓடும். மெத்தனால் ஆலை வருடம் முழுக்க ஓடினால்தான் கட்டும்.

தோலையும் கொட்டையையும் சாண எரிவாயுக் கலம் போல அழுகவிட்டு வாயு எடுத்தால், அதில் மீத்தேன் போக மீதி நாற்பது சதவீதம் அளவுக்குக் கரியமில வாயு. மீத்தேனைச் சுத்தம் செய்து சிலிண்டரில் அடைக்கிறவர்கள் இந்தக் கரியமில வாயுவை எப்படியும் பிரித்தே ஆக வேண்டும். அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், துத்தநாக ஆக்சைடு படுகை வைத்துப் பிடித்துவிடலாம். கரும்பு ஆலையில் சாராயம் நொதிக்கும் தொட்டியிலிருந்து வருவது இன்னும் சுத்தம். ஒரு டன் எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் கரியமில வாயு வரும்.

---

அரூர் விவசாயி | ஜூன் 11, இரவு 8.45

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? எங்கள் பக்கம் ஆயிரம் அடி போட்டும் ஆழ்துளைக் கிணறு புகைதான் கக்குகிறது. அப்புறம் இந்த மெத்தனால். 2024 ஜூன் மாதம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது இதனால்தானே? கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். அந்த ஊர்களில் எனக்கு உறவு உண்டு. நீங்கள் செய்வது நல்ல காரியமாகவே இருக்கட்டும், ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

---

வத்தல்மலை | ஜூன் 12, காலை 6.40

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். தண்ணீர்க் கணக்கு முதலில். ஒரு டன் மெத்தனாலுக்கு 189 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க 1,685 லிட்டர். வினையில் 560 லிட்டர் திரும்ப வரும். அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தினால் நிகரமாக ஒரு டன்னுக்கு 1,125 லிட்டர் செலவு. குளிர்விக்க ஆகும் தண்ணீர் தனி. கிணற்றுத் தண்ணீரை எடுத்தால் உப்பு நீக்க வேண்டும், நீக்கிய கழிவில் நம் ஊர் ஃபுளூரைடு செறிந்து நிற்கும். அது ஓடையில் போனால் அடுத்த தோட்டத்துக் கிணறு கெடும். அதனால் இது குடிநீரையோ பாசன நீரையோ தொடக்கூடாது, ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மின்சாரம் இதைவிடப் பெரிய தடை. அந்த 189 கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் பத்தாயிரம் யூனிட் ஆகும்.

மெத்தனால் நஞ்சு என்பதில் மறுபேச்சே இல்லை. உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும், உயிரைக் குடிக்கும். கப்பலுக்கு எரிபொருள், பசை, பெயிண்ட், மருந்து எல்லாவற்றுக்கும் வேண்டிய பொருள் என்பதும் உண்மை. சேமிக்க உரிமம் வேண்டும், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். நான் ஆய்வகத்தில் கையாளும் சில மில்லிலிட்டரையும் பூட்டி வைத்து, பதிவேட்டில் எழுதித்தான் எடுக்கிறேன். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு என் அம்மா இந்தத் தலைப்பையே விடச் சொன்னார்.

---

தென்பெண்ணை | ஜூன் 12, காலை 8.00

இது வெறும் காகிதக் கனவு இல்லை என்பதற்குச் சில இடங்கள். ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்துப் பக்கத்தில் 2012 முதல் ஓடிய ஆலை, வருடத்துக்கு 4,000 டன் கொள்ளளவு. மெத்தனால் பொருளாதாரம் பேசிய ஜார்ஜ் ஓலாவின் பெயர் அதற்கு. அதே நுட்பத்தில் சீனாவின் அன்யாங்கில் 2022-இல் 1,10,000 டன் ஆலை. நம் நாட்டில் என்டிபிசி, மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல் மின்நிலையப் புகையிலிருந்து நாளைக்கு 10 டன் அளவுக்கு ஆலை அமைத்து 2024-இல் முதல் மெத்தனாலை எடுத்தது. ஓசூரிலிருந்து எட்டும் தூரத்தில், பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையத்தில் செபாஸ்டியன் பீட்டர் குழுவும் பல வருடமாக இதே வினையில் உழைக்கிறது.

---

வத்தல்மலை | ஜூலை 19, இரவு 10.10

ஒரு மாதம் கழித்து வருகிறேன். உறை இல்லாத தூளை 550 டிகிரியில் சுட்டு ஓட்டியாகிவிட்டது. செம்பின் கிராமுக்கு 0.40-இல் தொடங்கி, 60 மணி நேரத்தில் 0.34. ஓசூர் அண்ணா சொன்னது போல உலையிலேயே நிறைய இழந்திருக்கிறது. ஆனால் அதே உலையில் அதே நேரம் இருந்த உறையிட்டது 0.58-இல் தொடங்கி 0.54-இல் நின்றதே! உறை உலையிலும் காத்திருக்கிறது, வினையிலும் காத்திருக்கிறது.

அடுத்த மாதிரிக்கு அமோனியாவை நான்கில் ஒரு பங்காக்கி, நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தேன். கழுவிய நீரில் நீலம் இல்லை. சிடிஏபியை எரிக்காமல், அமோனியம் நைட்ரேட் கலந்த எத்தனாலில் 60 டிகிரியில் மூன்று முறை கழுவி எடுத்தேன், அதனால் 550 டிகிரி உலையே தேவைப்படவில்லை. சிடிஏபியில் உள்ள புரோமைடு மிச்சம் இல்லாதபடி வெள்ளி நைட்ரேட் சோதனையும் பார்த்தேன், புரோமைடு போன்ற ஹாலைடு இருந்தால் செம்புத் துகள்கள் விரைவில் பெருத்துவிடும் என்று படித்தேன். உறை 6 நானோமீட்டர். உலரவிடாமல் ஈரமாகவே போர்த்தினேன். எடையில் செம்பு 41 சதவீதம். சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

---

ஓசூர் ஆலைக்காரன் | ஜூலை 20, காலை 7.30

550 டிகிரி எண்களைப் பார்த்த பிறகு உறை பற்றி எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது. மாத்திரையாக்கும் சிக்கல் மிச்சம் இருக்கிறது. உறையிட்ட தூளை நேரடியாக அழுத்தாமல், அலுமினாப் பசையில் குழைத்துக் கம்பியாகப் பிழிந்து வெட்டிப் பாருங்கள், முறுக்குப் பிழிவது போல. அழுத்தம் குறைவு, உறை தாங்கும். அதைக் கொஞ்சம் தனியாகச் செய்து வையுங்கள்.

சனிக்கிழமை நான் பெங்களூர் போகிறேன். மாதிரியை தர்மபுரியிலிருந்து ஓசூர் பேருந்தில் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்வேன். ஒன்று மட்டும் கவனம்: ஹைட்ரஜனில் ஒடுக்கிய நிலையில் அனுப்பாதீர்கள், காற்றுப் பட்டால் செம்பு தகதகவென்று சூடேறிவிடும். ஆக்சைடாகவே, மூடி இறுக்கிய கண்ணாடிப் புட்டியில்.

---

வத்தல்மலை | ஜூலை 20, காலை 7.55

ஆக்சைடாகத்தான் இருக்கிறது அண்ணா. பசையில் பிழிந்ததையும் சேர்த்து மூன்று புட்டி. எங்கள் மாமா வெள்ளி இரவு ஓசூர் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். வாத்தியார் ஐயா, உங்கள் பழைய வடிகட்டியில் மிஞ்சிய அலுமினா மணிகள் இருந்தால் ஒரு கைப்பிடி வேண்டும். மில்லிமீட்டர் அளவில் வாயு எப்படி நகர்கிறது என்று அதை வைத்தே அளந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

---

பாலக்கோட்டு வாத்தியார் | ஜூலை 20, காலை 8.20

ஒரு டப்பா நிறைய இருக்கிறது அம்மா. ஃபுளூரைடு ஏறியது ஒன்று, புதியது ஒன்று, இரண்டிலும் சீட்டு ஒட்டி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.